கோட்டக்குப்பத்தில் மட்டும் ஓடும் கார்

மூன்றாம் பாகம் வெளியாகி நாற்பது நாள் ஆகியிருந்தது. நாற்பது நாளும் நான் அதைத் தொடாமல் இருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

அது ஒரு கார் பந்தய கேம். டிவியில் கன்சோலை மாட்டி விளையாடுவது. வட்டமாகச் சுற்றிவரும் பந்தயம் இல்லை, மலைப்பாதைப் பந்தயம். ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் வழி சொல்ல வேண்டும். திரை இரண்டாகப் பிரியும். ஒரு பாதியில் ரோடு, மறுபாதியில் வரைபடம். ஓட்டுகிறவருக்கு அடுத்த வளைவு தெரியாது. வழி சொல்கிறவருக்கு எதிரே இருக்கும் பள்ளம் தெரியாது. ஆக, இரண்டு பேரும் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். விழுப்புரத்தில் எங்கள் வாடகை வீட்டு மாடியில் நானும் என் கணவரும் அப்படிக் கத்திய கத்தலில், கீழ்வீட்டு அம்மா ஒருநாள் படியேறி வந்துவிட்டார்.

"இன்னா, சண்டையா? பெரியவங்கள யாரையாச்சும் கூப்புடட்டுமா?" என்றார்.

"இல்லம்மா, கார் ஓட்டிக்கினு இருக்கோம்" என்றார் என் கணவர். அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

எனக்கு முப்பத்துநான்கு வயது. திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். காலையில் விழுப்புரத்திலிருந்து ரயிலில் போவேன், சாயங்காலம் திரும்புவேன். அவர் டிராக்டர் மெக்கானிக். நாள் முழுக்க நான் ஊசி குத்துவேன், அவர் கிரீஸில் கிடப்பார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம், அந்த மலைப்பாதை எங்களுடையது.

முதல் இரண்டு பாகங்களையும் நாங்கள் புதிதாக வாங்கவில்லை. புது கேம் டிஸ்க் வாங்குகிற விலையில் ஒரு மாத மளிகையை முடித்துவிடலாம். விழுப்புரம் பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு செல்போன் கடை உண்டு. கவரும் சார்ஜரும் தொங்கும் சுவருக்கு நடுவே ஒரு கண்ணாடி அலமாரி. அதில் பழைய கேம் டிஸ்க்குகள். யாரோ விளையாடி முடித்துக் கொண்டுவந்து கொடுத்தவை. பாதி விலைக்கு வாங்கி, விளையாடி முடித்து, அங்கேயே திருப்பிக் கொடுத்தால் அதில் பெரும்பகுதியை அடுத்த டிஸ்க்கில் கழித்துக்கொள்வார் கடைக்காரர். எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பழக்கமே இப்படித்தான் கட்டுப்படியாகிறது. அந்தப் பழைய பெட்டிகளைத் திறப்பதில் ஒரு தனிச் சந்தோஷமும் இருந்தது. இரண்டாம் பாகத்தின் பெட்டிக்குள் முந்தைய ஆள் யாரோ ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தார். 'ஏழாவது மலையில் மரப்பாலத்தில் பிரேக் அடிக்காதே, செத்துடுவே' என்று பச்சை மையில் எழுதியிருந்தது. நாங்கள் பிரேக் அடித்தோம். செத்தோம். அப்புறம்தான் காகிதத்தை நம்பினோம்.

ஆகவே மூன்றாம் பாகமும் பழையதாக வரட்டும் என்று காத்திருந்தேன். வழக்கமாக இருபது நாளில் அலமாரிக்கு வந்துவிடும். வரவில்லை. தினமும் ரயிலில் பழைய பொருள் விற்கும் செயலியைத் திறந்து தேடுவேன். ஒரு சனிக்கிழமை காலை, ரயில் விக்கிரவாண்டியைத் தாண்டும்போது, அது இருந்தது. அதே பெட்டி. மூடுபனிக்குள் போகும் மஞ்சள் கார். 'ஒருவர் மட்டும் விளையாடியது. கீறல் இல்லை. கோட்டக்குப்பம்.' விலை பாதிக்கும் கீழே.

"அய்யோ!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னவோ கெட்ட செய்தி என்று நினைத்து, "தண்ணி வோணுமா?" என்றாள். நான் உடனே அந்த எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் குரல்.

"ஆமாம்மா, இருக்கு. எம் மவனோடது. அவன் குவைத் போய்ட்டான். வந்து எடுத்துக்கினு போறீங்களா?"

"இன்னிக்கே வர்றேன். வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க."

சனிக்கிழமை எனக்கு இரண்டு மணி வரைதான் வேலை. அன்று நான் ரத்தம் எடுத்த அத்தனை பேரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசியிருக்கிறேன். ஒரு தாத்தா, "ரிசல்ட் நல்லாத்தான் வரும் போலக்குதே" என்று நம்பிக்கையோடு போனார். இரண்டு அடித்ததும் திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு ஓடி, பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினேன். பசித்தது. ஒரு பொட்டலம் வேகவைத்த மல்லாட்டை வாங்கி வைத்திருந்தும் ஒரு கடலையைக்கூட உரிக்கத் தோன்றவில்லை. கிளியனூர், திருச்சிற்றம்பலம் எல்லாம் எப்போது வந்து எப்போது போயின என்றே தெரியவில்லை. பாண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

போனில் பேசிய அக்காவின் வீடு கோட்டக்குப்பத்தில் பெரிய தெருவிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருந்தது. நாற்பத்தெட்டு, ஐம்பது வயது இருக்கும். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். கணவர் முத்தியால்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறாராம். மகன் குவைத்துக்குப் போய் மூன்று வாரம். பெட்டியை என் கையில் கொடுத்தார். நான் டிஸ்க்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் கிடையாது. உள்ளே ஒரு சின்ன அட்டையும் இருந்தது. சுரண்டிய இடத்தில் நீளமாக ஒரு எண். ஏதோ பரிசுக் கூப்பன் என்று நினைத்து மறுபடி சொருகிவைத்தேன்.

"நீங்களா விளையாடுவீங்க?" என்று கேட்டார் அக்கா.

"ஆமாங்க. நானும் எங்க வூட்டுக்காரரும்."

"ரெண்டு பேருமா?" அவர் முகம் ஒரு மாதிரி மலர்ந்தது. எதையோ கேட்க வாயெடுத்தார். பிறகு, "பாத்துப் போம்மா" என்று மட்டும் சொன்னார்.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். என் கணவர் குளித்து, தலை சீவி, கன்ட்ரோலர் இரண்டுக்கும் சார்ஜ் போட்டு, தரையில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தார். பெண் பார்க்க வந்தபோதுகூட மனிதர் இவ்வளவு தயாராக வரவில்லை. டிஸ்க்கைப் போட்டேன். கன்சோல் உறுமியது. மஞ்சள் கார் வந்தது. மலைமேல் பனி விலகியது. இசை ஆரம்பித்தது. இருவரும் ஒரே நேரத்தில் "ஹேய்!" என்று கத்தினோம்.

அப்புறம் ஒரு கறுப்புத் திரை. ஏதோ ஒரு எண்ணைப் போடும்படி கேட்டது. அட்டையில் இருந்ததைப் போட்டேன். 'இந்த எண் ஏற்கெனவே வேறொரு கணக்கில் பதிவாகியுள்ளது. விளையாட, கேமை வாங்கவும்.' கீழே விலை. முழு விலை.

"நாமதான் வாங்கிட்டமே?" என்றார் என் கணவர், டிவியைப் பார்த்து.

மறுபடி போட்டோம். டிஸ்க்கைத் துடைத்துப் போட்டோம். கன்சோலை அணைத்து எழுப்பினோம். அதே கறுப்புத் திரை. எனக்கு வந்த கோபத்தில் நேராக அந்த அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, இது ஓடாதுன்னு தெரிஞ்சேதான் வித்தீங்களா?"

"அல்லாவே... ஓடலியா? நேத்துகூட இங்க ஓடுச்சேம்மா. நான் ஏமாத்தறவ இல்ல. பணத்த அப்பிடியே திருப்பித் தர்றேன், நீங்க எடுத்துக்கினு வாங்க."

குரலில் பொய் இல்லை. அந்தக் குரலைக் கேட்டதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை, வெட்கம்தான் மிஞ்சியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெட்டியைப் பார்த்ததுமே தலையில் கை வைத்தார்.

"அத மட்டும் கேக்காதீங்க மேடம். ஒரே பேஜாரு. நாலு பேரு விக்க எடுத்துக்கினு வந்தாங்க, நாலு பேரையும் திருப்பி அனுப்பிட்டேன். டிஸ்க்கு சும்மா பேருக்கு. அந்த நம்பர்தான் கேமு. மொத ஆளு போட்டதும் அவரு அக்கவுண்ட்ல போய் ஒட்டிக்கும். அப்பறம் ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது."

"பழசு விக்கக் கூடாதுன்னே பண்றாங்களா?"

"வேற எதுக்கு? பழசு வித்தா அவங்களுக்கு காசு வராதில்ல. ஆனா ஒண்ணு யோசிக்கமாட்டேங்கறாங்க மேடம். எங்கிட்ட புதுசு வாங்கறவங்களே பழச வித்துட்டுத்தான் புதுசு வாங்கறாங்க. அத நிறுத்திட்டா புதுச யாரு வாங்குவா?" கண்ணாடி அலமாரியைக் காட்டினார். கீழ்த் தட்டு காலியாக இருந்தது. "இந்த வருசம் வர்றதுல பாதி இந்த மாதிரிதான். இனிமே நானே பாத்துத்தான் எடுக்கணும்."

கம்பெனிக்கும் எழுதிப் பார்த்தேன். இணையத்தில் ஒரு பேச்சுப் பெட்டி. 'உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்' என்று ஓர் இயந்திரம் பதில் சொன்னது. என் கேள்வியை நான்கு விதமாகக் கேட்டேன். நான்கு தடவையும் அதற்கு என் அனுபவமே முக்கியமாக இருந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் லேப் முதலாளி வீட்டுக் கல்யாணம். விடுமுறை. என் கணவரும் அரைநாள் லீவு போட்டார். பைக்கில் வளவனூர், கண்டமங்கலம் வழியாகப் போனோம். வழியெல்லாம் அவர், "பணத்த வாங்கிக்கினு உடனே கெளம்பிடணும், புரியுதா? ஒக்காந்து பேசிக்கினு இருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அக்கா எங்களை உள்ளே உட்கார வைத்தார். இஞ்சி டீ, சமோசா. பணத்தை ஒரு கவரில் போட்டு முன்னாலேயே மேஜைமேல் வைத்திருந்தார். அதைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. "ஒரு தடவ இங்கயே போட்டுப் பாத்துடலாங்க்கா" என்றேன். அவர் மகனின் கன்சோல் டிவிக்குக் கீழே இருந்தது. டிஸ்க்கைப் போட்டார். மஞ்சள் கார், பனி, இசை. கறுப்புத் திரை வரவில்லை. நேராக மலைப் பட்டியல் வந்து நின்றது.

"பாத்தீங்களா, ஓடுது!" என்றார் அக்கா, விடுதலை கிடைத்த குரலில்.

நான் கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். என் கணவர் பெட்டியின் பின்பக்கத்தைச் செல்போன் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினார். கடுகு அளவு எழுத்தில் போட்டிருந்தது: ஒருமுறை எண், ஒரே கணக்கு, மாற்றித் தர இயலாது.

அக்கா மெதுவாகக் கேட்டார்: "அப்போ காசு குடுத்து வாங்கினது என் மவன். ஆனா விக்க அவனுக்கு உரிம இல்லியா? நாளைக்கி என் பிரிட்ஜ ஒங்களுக்கு விக்கறேன். ஒங்க வூட்டுல அது ஐஸே கட்டாது, கோட்டக்குப்பத்துலதான் கட்டும்னா இன்னா நியாயம்மா இது?"

"அதேதான்க்கா!" என்றார் என் கணவர். டீ ஆறிக்கொண்டிருந்தது. உடனே கிளம்ப வேண்டும் என்ற மனிதர் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே ஒரு மலை ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. கன்ட்ரோலரை எடுத்தேன். முதல் மலை. என் கணவர் வழி சொல்லத் தயாராவதற்குள் கார் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்:

"சொரங்கம் முடியறதுக்கு முன்னாலயே பிரேக்கப் புடிம்மா! வெளிய வந்ததும் லெஃப்ட்டு ஒடிக்கும்!"

பிரேக் பிடித்தேன். லெஃப்ட் ஒடித்தது. நான் காரை ஓரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அக்கா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, யாரு விளையாடறது?"

அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! முகமெல்லாம் சிவந்துவிட்டது. எல்லாம் வெளியே வந்தது. மகன் விளையாடும்போது சும்மா பார்த்துக்கொண்டிருந்தாராம். மகன் வேலைக்குப் போனதும் முதல் பாகத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்தாராம். அப்புறம் இரண்டாம் பாகம். மகன் விமானம் ஏறியபின் மூன்று வாரத்தில் மூன்றாம் பாகத்தின் பதினேழு மலையையும் முடித்துவிட்டாராம். கணவருக்குத் தெரியாது. மகனுக்கும் தெரியாது. பழைய கேம்களை விற்றுவிடச் சொல்லி மகன் போனில் சொன்னபோது, இதையும் சேர்த்து விளம்பரத்தில் போட்டுவிட்டார்.

"இத ஏன்க்கா வித்தீங்க?"

"கோவந்தான். கடேசி மல முழுக்க மூடுபனி. ரோடே தெரியாது. கூட ஒரு ஆளு வழி சொல்லணும். எனக்கு யாரு இருக்கா? அந்தப் பெட்டியே இங்கிலீசுல சொல்லுது, கடகடன்னு. அது இன்னான்னு நான் யோசிக்கறதுக்குள்ள கார் பள்ளத்துல கெடக்கும். முப்பது தடவ உழுந்துட்டேன். போ சனியனேன்னு வித்துட்டேன்."

நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் எழுந்து தன் கையிலிருந்த கன்ட்ரோலரை அக்காவிடம் கொடுத்தார். "நீங்க ஓட்டுங்கக்கா. இவ சொல்லுவா. வழி சொல்றதுல இவள அடிச்சிக்க ஆளில்ல. வூட்டுல என்னையே இப்பிடித்தான் ஓட்டறா."

பதினெட்டாவது மலை. திரை இரண்டாகப் பிரிந்தது. அவர் பக்கம் வெள்ளையாகப் பனி. என் பக்கம் வரைபடத்தில் பாம்புபோல ஒரு கோடு. கார் கிளம்பியது.

"லேசா லெஃப்ட்டு... இன்னும்... நேரா உடுங்க, நல்லா உடுங்க... இப்ப ரைட்டு! ரைட்டு! முழுசா!"

அக்கா ஒடித்தார். சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் கிறீச்சிட்டு ஏறி நின்றது. "யா அல்லா!" என்றார். காலால் தரையில் பிரேக் மிதித்தார். நான் மறுபடி சொல்ல, அவர் மறுபடி ஒடிக்க, பாதி மலை ஏறிவிட்டோம். அவர் ஒருபோதும் பார்த்திராத இடம். "இதுக்கு மேல நான் வந்ததே இல்லம்மா, இதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்று கத்தினார். "எனக்குத் தெரியும், நீங்க ஓட்டுங்க!" என்று நான் கத்தினேன். என் கணவர் எதற்கென்று தெரியாமல் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

அப்போது திரை நின்றது. 'இந்தக் கணக்கு வேறொரு சாதனத்தில் பயன்பாட்டில் உள்ளது. விளையாட்டு நிறுத்தப்படுகிறது.'

ஒரு நிமிடத்தில் அக்காவின் போன் அடித்தது. வீடியோ கால். குவைத்திலிருந்து மகன்.

"ம்மா, வூட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா? எவனோ என் அக்கவுண்ட திருடிட்டான்! இங்க ரூம்ல ஒரு பழைய கன்சோல் வாங்கினேன், இன்னிக்குத்தான் ஆன் பண்றேன், நம்ம வூட்டுல ஓடுதுன்னு காட்டுது. பதினேழு மல முடிச்சிருக்கான்! எட்டாவது மலையில என் ரெக்கார்டு டைமையே தூக்கிட்டான்!"

அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எவனும் இல்லப்பா. நாந்தான்" என்றார்.

குவைத்தில் ஒரு பையனின் வாய் திறந்தது எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. "நீயா? ம்மா, நீயா?" அப்புறம் அவன் சிரிக்க ஆரம்பித்தான். ரூமில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டான். "டேய், எங்க அம்மாடா! எட்டாவது மல எங்க அம்மாடா!" நான்கைந்து தலைகள் திரையில் வந்து சலாம் வைத்தன. அக்கா வெட்கத்தில் போனை என் கையில் திணித்துவிட்டார். இப்போது நான் அந்த நான்கைந்து பேருக்கும் வணக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

அவனிடமும் விஷயத்தைச் சொன்னேன். "மூணாம் பாகத்தையா வித்தாங்க? அது விக்க முடியாதுங்கக்கா, அந்த டிஸ்க்கு டம்மி" என்றான். வருத்தமாகத்தான் சொன்னான். ஒரே குடும்பத்துக்குள்ளேயே ஒரே நேரத்தில் இரண்டு பேர் விளையாட முடியாது என்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்தது. அம்மாவுக்கென்று இன்னொன்று வேண்டுமென்றால் இன்னொரு முழு விலை. "காசு குடுத்தவனே திருடன் மாதிரி அம்மா ஆடாத நேரமா பாத்து ஒளிஞ்சி ஆடணுமா?" என்று கேட்டான். "நீ எதுக்குடா ஒளியற, நாந்தான ஒளிஞ்சேன்" என்றார் அக்கா.

கடைசியில் ஒரு பேச்சு முடிவாயிற்று. அவனுக்கு வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை. ஆக வெள்ளி அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை அவன் வேலைக்குப் போய்விடுவான். ஞாயிறு அக்காவுக்கு. அக்காவுக்கு என்றால் எங்களுக்கும். டிஸ்க் அக்கா வீட்டிலேயே இருக்கும். பணக் கவரை நான் வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் அவர் விடுவதாக இல்லை. கூடவே ஒரு டப்பா நிறைய சமோசா. அது மட்டுமா? மகன் விற்கச் சொன்ன மற்ற டிஸ்க்குகளை பீரோவுக்கு அடியிலிருந்து இழுத்தார். இருபதுக்கு மேல் இருந்தன. எல்லாம் நான்கைந்து வருஷத்துக்கு முந்தியவை. எந்த எண்ணும் கேட்காதவை. யார் போட்டாலும் ஓடுபவை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். தீபாவளிக்குத் துணிக்கடையில்கூட எனக்கு அப்படி ஒரு குஷி வந்ததில்லை.

அவற்றை விற்றுக்கொடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். இரண்டை நானே வைத்துக்கொண்டேன். மீதியை விழுப்புரம் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "இதான் மேடம் டிஸ்க்கு" என்றார். காலியாக இருந்த கீழ்த் தட்டு நிரம்பியது. அப்போது என் கணவர் அவரிடம் ஒன்று கேட்டார். "அண்ணே, அந்த மாதிரி நம்பர் கேமு புதுசா விக்கறப்ப வாங்கறவங்ககிட்ட சொல்றீங்களா, இத திருப்பி விக்க முடியாதுன்னு?"

"சொன்னா வாங்கமாட்டாங்களே."

"சொல்லலன்னா நாளைக்கி ஒங்க கடைக்கே வரமாட்டாங்களே."

கடைக்காரர் ஒரு புதுப் பெட்டியை எடுத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பார்த்தார். அடுத்த வாரம் நான் போனபோது அந்த வகைப் பெட்டிகள்மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். கையால் எழுதியது: 'ஒருவருக்கு மட்டும். திரும்ப எடுக்க மாட்டோம்.' நான் நின்ற கால்மணி நேரத்தில் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் அதைப் படித்துவிட்டுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அக்கா வீட்டு டிஸ்க் ஒன்றை எடுத்துப் போனார்கள். ஸ்டிக்கரால் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "புதுசு டல்லுதான். ஆனா சண்ட போட யாரும் வர்லே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு இப்படி ஆகும் என்று நான் நினைத்ததே இல்லை. காலையில் குழம்பு வைத்து இறக்கிவிட்டு பைக் ஏறிவிடுவோம். அக்கா வீட்டுக்காரருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டாம் வாரம் கதவோரம் நின்று பார்த்தார். மூன்றாம் வாரம், "அந்த ரைட்ட மொதல்லயே சொல்லும்மா, லேட்டா சொல்ற" என்று என்னைத் திருத்தினார்.

பதினெட்டாவது மலையில் ஏழு ஞாயிறு விழுந்தோம். எட்டாவது ஞாயிறு மழை. அக்கா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார். நான் தொண்டைக்குச் சுடுதண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். கார் கிளம்பியது. அன்றைக்கு என்னவோ நான் சொல்வதற்குள் அவர் ஒடித்தார், அவர் ஒடிப்பதற்குள் நான் அடுத்ததைச் சொன்னேன். பாதி மலை. முக்கால் மலை. பனி இன்னும் அடர்ந்தது. என் கோட்டில் கடைசியாகக் கொண்டை ஊசி வளைவுகள் மூன்று.

"லெஃப்ட்டு ஒடி! ஒடிச்சே இரு! இப்ப உடு... ரைட்டு! ரைட்டுக்கா!"

"ஒடிக்கறேன்டீ, ஒடிக்கறேன்!"

"இன்னும் ஒண்ணு! லெஃப்ட்டு! இப்ப!"

கார் ஒரு பக்கமாகச் சரிந்து, பாறையை உரசி, நெருப்புப் பொறி பறக்க நிமிர்ந்தது. பனி விலகியது. நேர் ரோடு. தூரத்தில் கொடி. "அமுக்கு! அமுக்கு!" என்று நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினோம். மஞ்சள் கார் கோட்டைத் தாண்டியதும் அக்கா கன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் கணவரும் அக்கா வீட்டுக்காரரும் கை குலுக்கிக்கொண்டார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்களைப்போல. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். யாருக்கும் சொல்ல மூச்சு இல்லை.

திரையைப் போட்டோ எடுத்துக் குவைத்துக்கு அனுப்பினோம். மகன் அப்போது வேலையில் இருந்தான். சாயங்காலம் பதில் வந்தது. "ம்மா, மல முடிச்சிட்டீங்க, சரி. டைம் ரொம்ப ஜாஸ்தி. வெள்ளிக்கிழம பாருங்க."

அக்கா அதை இரண்டு தடவை படித்தார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவன் கெடக்கறான். நீ அடுத்த ஞாயித்துக்கெழம சீக்கிரமா வந்துடு" என்றார்.